மாதக் கடைசிப் பூட்டு

காண்ட்ராக்ட் முடிந்து மூன்று மாதமாக யாரும் கூப்பிடவில்லை, என்ன செய்வது என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்கிறீர்கள். விண்ணப்பத்தை எப்படி எழுதுவது, எந்தக் கம்ப்யூட்டர் மொழிக்கு இப்போது மவுசு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கற்ற மொழிகளில் ஒன்றுகூட இன்று உயிரோடு இல்லை. வேலை வராத நாட்களில் நம் புத்தி எப்படிக் கோணலாகப் போகும் என்பது மட்டும் தெரியும். அதைச் சொல்கிறேன். இதில் நான் நல்லவனாக வரமாட்டேன், முன்பே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஓசூரில் ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் நான்கு வருடம் இருந்தேன். ஆர்டர் குறைந்ததும் எங்கள் பிரிவை மூடி, வேலையைத் தலைமை அலுவலகத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். கூட இருந்தவர்கள் பெங்களூர், வளைகுடா என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நான் மட்டும் காண்ட்ராக்டில் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறேன் என்று அங்கேயே நின்றேன். தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கே போவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். சொந்த ஊர் மத்தூர். அங்கே அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை போனதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்குப் பெண் கொடுப்பதாக இருந்த வீட்டாருக்கு எப்படியோ சேதி எட்டி, அந்தப் பேச்சும் நின்றுபோனது. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது.

வாடகை குறைவு என்று ஓசூருக்கு வெளியே ஜூஜுவாடியில் ஓர் அறை பிடித்தேன். எல்லைச் சோதனைச்சாவடிக்காக வரிசைகட்டி நிற்கும் லாரிகள்தான் அக்கம்பக்கம். காலையில் மொபெட்டை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டையில் ஒவ்வொரு கேட்டாக ஏறி இறங்குவேன். கேட்டில் ஒரு நோட்டு இருக்கும். பெயர், யாரைப் பார்க்க, எதற்காக என்று கட்டங்கள். "கம்ப்யூட்டர்" என்று எழுதிவைப்பேன். ஒரு வாட்ச்மேன் அதைப் படித்துவிட்டு, "கம்ப்யூட்டர் ரிப்பேரா சார்? உள்ள ஒரு டைப்ரைட்டர் ஓடாம கெடக்குது, அதப் பாத்துக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். ரிப்பன் சிக்கியிருந்தது, எடுத்துவிட்டேன். அந்த மாதம் நான் செய்த ஒரே வேலை அதுதான்.

வேலை இல்லாததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பேச ஆள் இல்லாததுதான் என்னைத் தின்றது. மெஸ்காரரிடம் "சாம்பார் போதும்" என்பதோடு சில நாட்கள் முடிந்துபோகும். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸுக்கு விடுமுறை. அன்றைக்கு அதுவும் கிடையாது. திங்கட்கிழமை காலையில் யாராவது வழி கேட்டால் என் குரல் எனக்கே கரகரப்பாகக் கேட்கும்.

முதலில் கிடைத்த காண்ட்ராக்ட் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில். பழம் ஏற்றி வரும் லாரிகளின் எடைச்சீட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். உயிரைக் கொடுத்து எழுதினேன். அங்கிருந்த கணக்கருக்கு ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன். தப்பாகத் தட்டினால் என்ன ஆகும், அதை எப்படிச் சரிசெய்வது என்பது வரைக்கும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போது ஒரு கூடை மாம்பழத்தை மொபெட்டில் கட்டிவிட்டு, "எதுனா ஒண்ணுன்னா கூப்புடறோம் சார்" என்றார் கணக்கர். எதுவும் ஆகவில்லை. அவர்களும் கூப்பிடவில்லை. தனி ஆள் எத்தனை பழம்தான் தின்பது? பாதிக்கூடை அறையிலேயே அழுகிப்போனது.

இந்தச் சங்கதியைப் பெங்களூரில் ஒரு சீனியரிடம் சொன்னேன். பெயர் வேண்டாம். காண்ட்ராக்டிலேயே பத்து வருடம் ஓட்டியவர். வாய்விட்டுச் சிரித்தார்.

"எல்லாத்தையும் குடுத்துட்டு வந்தா அப்புறம் எதுக்குய்யா ஒன்னைக் கூப்புடுவான்? ஒரு சாவிய நீ கையில வெச்சுக்கணும்" என்றார்.

தொழிலில் பலர் அப்போது செய்துகொண்டிருந்ததுதான் அது. மாதக் கடைசியில் சரக்கு இருப்பை முடித்து அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த இடத்தில் ஒரு பாஸ்வேர்டு. அதைப் போட்டால்தான் புது மாதம் திறக்கும். எழுதியவனைத் தவிர யாருக்கும் அது தெரியாது. இது நுணுக்கமான வேலை, நிபுணர் நேரில் வந்துதான் முடிக்க வேண்டும் என்று கம்பெனியை நம்பவைத்துவிட வேண்டியது. அடுத்து கிடைத்த காண்ட்ராக்டில் நானும் அப்படியே செய்தேன்.

அது தொழிற்பேட்டையின் கடைசியில், பெரிய வண்டிக் கம்பெனிகளுக்கு வார்ப்புச் சாமான்களைக் கடைந்து கொடுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலை. அங்கே ஸ்டோருக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். வந்த சரக்கு, போன சரக்கு, கையிருப்பு, வெளியே போகும் லாரிக்கு டெலிவரி சலான் எல்லாம் அதில்தான். ஸ்டோர்கீப்பர் முனிராஜப்பா உள்ளூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் தமிழ். கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது நூர்ஜஹான் என்ற பெண். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அப்பாவுக்குப் பழையபேட்டையில் சின்னதாகப் புளி வியாபாரம். ஒரு வருடப் பயிற்சியில் சேர்ந்திருந்தாள். வருடம் முடிந்ததும் வேலை நிரந்தரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் வேலைக்கு அனுப்பியதே அந்த ஒரு பேச்சை நம்பித்தான் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

மாதத்தின் கடைசி நாள் நான் போவேன். பாஸ்வேர்டு இங்கிலீஷில் ஆறே எழுத்து, என் ஊர்ப் பெயர். தட்டிவிட்டால் பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தை நான் ஒரு முழு நாளாக இழுப்பேன். வெறுமனே எண்களைத் தாளில் எழுதிக் கூட்டுவேன், திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்குவேன். சரியான நேரம் பார்த்து, "ஒரு டீ கெடைக்குமாம்மா?" என்று நூர்ஜஹானை எழுப்பி அனுப்பிவிட்டு ஆறு எழுத்தையும் தட்டுவேன். மத்தியானம் முனிராஜப்பா வந்து "ஊட்டா ஆயித்தா சார்?" என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரிப்பார். எனக்குச் சாப்பாடு ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியும். கேன்டீனுக்குக் கூட்டிப்போய், தன் டப்பாவில் இருக்கும் களியில் பாதியை எடுத்து என் தட்டில் வைப்பார். அவருடைய மாடு, மருமகன், ஏரித் தண்ணீர் என்று பேச்சு ஓடும். நூர்ஜஹான் பஸ்ஸில் நடந்த சண்டையை நடித்துக் காட்டுவாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாதம் பூராவும் அந்த ஒரு நாளுக்காகத்தான் இருந்தேன். அதற்கென்று ஒரு சட்டையை இஸ்திரி போட்டுத் தனியாக வைத்திருப்பேன். காண்ட்ராக்ட் காசுக்காகப் பூட்டு வைத்தேன் என்று முதல் மாதம் நினைத்தேன். நான்காவது மாதத்துக்குள் அந்தப் பொய் எனக்கே விளங்கிவிட்டது.

எட்டாவது மாதமோ ஒன்பதாவது மாதமோ, பெங்களூரில் ஒருவருக்குப் புரோகிராமர் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டு, மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கிளம்பினேன். மறுநாள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. போன இடத்தில், "மார்க்கெட் டல்லா இருக்கு, அப்புறம் பாக்கலாம்" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். அன்று சாயங்காலமே தண்ணீர்த் தகராறில் பந்த் என்று சொல்லி பஸ்களை நிறுத்திவிட்டார்கள். இரண்டு பக்கத்து வண்டியும் எல்லையைத் தாண்டவில்லை. மெஜஸ்டிக் பக்கம் ஒரு லாட்ஜில், தமிழில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். மாதக் கடைசி நாள் அங்கேயே கழிந்தது.

ஒன்றாம் தேதி மத்தியானம் லாட்ஜுக்கு எதிரே ஒரு எஸ்.டி.டி. பூத் பாதி ஷட்டரைத் தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே போய்த் தொழிற்சாலைக்குப் போன் போட்டேன். ஸ்டோரில் நூர்ஜஹான்தான் எடுத்தாள்.

"சார், எங்க இருக்கீங்க? நேத்தெல்லாம் பாத்துப் பாத்து ஓஞ்சு போயிட்டோம். உள்ளயே போவ மாட்டேங்குது சார், பாஸ்வேர்டு கேக்குது. ஒரு சலான்கூடப் போட முடியல."

"இங்க பஸ் இல்லம்மா. விட்டதும் வந்துடறேன்."

"மூணு லாரி நிக்குது சார். மேனேஜரு கத்தறாரு. என்ன அமுத்தணும்னு சொல்லுங்க, நான் அமுத்திக்கறேன். பேப்பரு பேனா எடுத்து வெச்சிருக்கேன்."

ஆறு எழுத்து. சொல்ல ஐந்து விநாடி ஆகியிருக்காது. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் இத்தனை மாதமும் நான் செய்தது ஒன்றுமே இல்லை என்று தெரிந்துவிடும். அடுத்த மாதக் கடைசியில் என்னை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். பெங்களூரில் அப்போதுதான் கதவைச் சாத்தியிருந்தார்கள். கையில் இருந்தது இந்த ஒரு இடம்தான்.

"போன்ல சொல்ற வேலை இல்லம்மா அது. நான் நேர்ல வந்து பாத்தாத்தான் ஆகும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்றேன்.

"சரிங்க சார்" என்றாள். ஒரு வார்த்தை எதிர்த்துக் கேட்கவில்லை. என்னை முழுசாக நம்பினாள். இத்தனை வருடம் கழித்தும் என்னை உறுத்துவது அந்த "சரிங்க சார்"தான்.

நான்காம் தேதி காலையில் அத்திப்பள்ளி வரைக்கும் பஸ் விட்டார்கள். அங்கிருந்து எல்லை தாண்டி நடந்தே ஜூஜுவாடிக்கு வந்தேன். குளிக்கக்கூட இல்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தொழிற்சாலைக்குப் போனேன்.

ஸ்டோர் நான் பார்த்த ஸ்டோராக இல்லை. பெட்டிகளை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸால் எண் எழுதியிருந்தார்கள். கம்ப்யூட்டர் திறக்காததால் மொத்தச் சரக்கையும் கையால் எண்ணியிருக்கிறார்கள். முனிராஜப்பா தரையில் சம்மணம் போட்டு ஒரு பழைய லெட்ஜரோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தார். நூர்ஜஹான் கார்பன் வைத்துக் கையால் சலான் எழுதிக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் நீலம். இரண்டு நாள் வேலை முடியாமல் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, கேன்டீன் அம்மா வீட்டில் தங்கியிருக்கிறாள். அவளுடைய அப்பா கிருஷ்ணகிரியிலிருந்து வந்து கேட்டில் நின்று விசாரித்துவிட்டுப் போனாராம்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அவள் எழுந்து வந்து பின்னால் நின்றாள். அன்றைக்கு டீ கேட்டு அவளை அனுப்ப எனக்கு மனசும் இல்லை, தெம்பும் இல்லை. ஆறு எழுத்தைத் தட்டினேன். எண்கள் ஓடின. புது மாதம் திறந்துகொண்டது.

"அவ்ளோதானா சார்?"

"அவ்ளோதான்மா" என்றேன். திரும்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்குள் மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. மூன்று நாளாக வாடிக்கையாளர்களிடமும் தலைமை அலுவலகத்திடமும் ஏச்சு வாங்கிக் களைத்திருந்தார். மேஜை மேல் டைப் அடித்த ஒரு மெமோ. பயிற்சி ஆபரேட்டரின் தவறான இயக்கத்தால் கம்ப்யூட்டர் நின்றது, ஆகவே பயிற்சி முடிந்ததும் வேலையை நிரந்தரம் செய்ய இயலாது என்று அதில் இருந்தது. அவளுடைய பயிற்சி அந்த மாதத்தோடு முடிகிறது.

"ஹெட் ஆபீஸ்ல யாரு தப்புன்னு கேக்கறாங்க. ஒங்க சர்வீஸ் ரிப்போர்ட்ல ஆபரேட்டர் எரர்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஃபைல மூடிடறேன்" என்றார்.

சர்வீஸ் ரிப்போர்ட் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவன் என்ன கோளாறு, என்ன காரணம், என்ன செய்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் தாள். "காரணம்" என்ற இடத்தில் கை நின்றது.

"கரண்ட் ஏத்த இறக்கம்னு போட்டுடலாமா சார்?" என்று கேட்டுப் பார்த்தேன். எங்கள் தொழிலில் எந்தப் பழியையும் தாங்கிக்கொள்வது கரண்ட்தான்.

"அது மட்டும் போடாதீங்க. கரண்ட் பிரச்சினையே வராதுன்னு சொல்லி யு.பி.எஸ். வாங்கினதே நான்தான்" என்றார்.

பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் தயங்கவே இல்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வரி எழுதினால் அடுத்த மாதமும் வரலாம். அந்தப் பெண்ணின் இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். முனிராஜப்பா அதே மாதிரி சாப்பாட்டை விசாரிப்பார். இதெல்லாம் என் மனதில் ஓடியது. "ஆபரேட்டர்" என்ற வார்த்தையை எழுதியும்விட்டேன். அடுத்த வார்த்தையை எழுதும்போதுதான் அந்த "சரிங்க சார்" காதில் விழுந்தது. ஆபரேட்டர் மேல் தவறு எதுவும் இல்லை என்று அந்த வரியை முடித்தேன். புரோகிராமில் பூட்டை வைத்தது நான், ஒன்றாம் தேதி போனில் கேட்டபோதும் சொல்லாமல் மறைத்தது நான் என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"போன்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம் சார்."

"அப்புறம் ஏன்யா சொல்லல?"

என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது ஒரு மேனேஜரின் மேஜைக்கு முன்னால் நின்று சொல்லக்கூடிய பதில் இல்லை. "தப்புதான் சார்" என்றேன்.

"அந்தப் பாஸ்வேர்ட அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டுக் கெளம்புங்க. இனிமே இங்க வர வேணாம்."

"அவங்க வேலை, சார்?"

"அதக் கேக்க ஒங்களுக்கு வாய் இருக்கா? நான் பாத்துக்கறேன், போங்க" என்று சொல்லி மெமோவை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

ஸ்டோருக்கு வந்து, மெமோ சங்கதியையும் நான் எழுதிக் கொடுத்ததையும் நூர்ஜஹானிடம் சொல்லிவிட்டு, ஆறு எழுத்தையும் சொன்னேன். அவள் சலான் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, "காண்ட்ராக்டு போயிடும்னா சார் சொல்லாம இருந்தீங்க?" என்று கேட்டாள்.

மேனேஜரிடம் வராத வார்த்தை அவளிடம் வந்தது. "அதுவும்தான்மா. ஆனா இங்க வர்ற அன்னிக்கு மட்டுந்தான் எனக்குப் பேச ஆளுங்க. அதை விட மனசு வரல" என்றேன்.

முனிராஜப்பா லெட்ஜரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நூர்ஜஹான் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். இரக்கம் இருந்ததா என்று தெரியவில்லை. கோபம் நிச்சயமாக இருந்தது. அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

"சும்மா வந்திருந்தாலும் டீ குடுத்திருப்போமே சார். அதுக்கு என் வேலையா கெடச்சுது ஒங்களுக்கு?"

சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கையால் எழுதிய சலான்களை ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினாள். நான் வெளியே வந்து மொபெட்டை உதைத்தேன். மூன்றாவது உதையில்தான் கிளம்பியது.

இரண்டு மாதம் கழித்து ஓசூர் பஸ் நிலையத்தில் முனிராஜப்பாவைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் வேலை நிரந்தரமாகிவிட்டது, மாதக் கணக்கை அவளே முடிக்கிறாள் என்றார். "ஒரு நாளு வாங்க சார், சும்மாதான்" என்றார். வருகிறேன் என்றேன். என் அறையிலிருந்து அந்த ஸ்டோர் மூன்று மைல்கூட இருக்காது. அதன் பிறகு நான்கு வருடம் அதே அறையில்தான் இருந்தேன், அந்த ரோட்டில்தான் போய்வந்தேன். ஒரு நாளும் போகவில்லை.

இதைக் கேட்டுவிட்டுப் பாஸ்வேர்டு வைக்கக் கூடாது என்று மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். அது சின்ன விஷயம், இன்றைக்கு வேறு எத்தனையோ பூட்டு இருக்கிறது. வேலை வராத மாதங்களில் நமக்கு யாராவது வேண்டும் என்பதை வேலை என்ற பெயரில் மறைக்கத் தோன்றும். மறைக்காதீர்கள். உங்களைத் தெரிந்த நாலு இடத்துக்கு, பையில் ஒன்றும் இல்லாமல், சும்மா போய் உட்காருங்கள். எனக்கு அந்த ஒன்று வரவில்லை. நான் பெரிய தொழில்காரன் என்று காட்டிக்கொண்டால்தான் உள்ளே விடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ, அந்தப் பெண் உட்பட, நான் சும்மா வந்திருந்தாலே உள்ளே விட்டிருப்பார்கள்.